அடிப்பக்கத்து ஒன்பது அங்குலம்

அன்றைக்குக் காலையில் பட்டறையில் இருந்தவர்கள் இவர்கள்.

சிவகுமார். ஜீப்புக்குச் சொந்தக்காரர். இருபத்தெட்டு வயது. புது வேட்டி கட்டியிருந்தார்.

அவருடைய தங்கை சரோஜா. கையில் சந்தனக் கிண்ணம்.

சரோஜாவின் வீட்டுக்காரர் நடராஜ். தேங்காய், எலுமிச்சம்பழம் எல்லாம் அவரிடம்.

அவர்கள் குழந்தை. ஒன்றரை வயதுப் பெண். பட்டுப் பாவாடை.

சிவகுமாரின் அம்மா. வெள்ளைச் சேலை. ஐந்து வருடத்துக்கு முன்னால் வீட்டுக்காரரை இழந்தவர்.

வாட்ச்மேன் சின்னப்பன். கேட்டைத் திறந்து விட்டவர்.

நான். வெல்டர்.

மேஸ்திரி இல்லை.

பழைய ஜீப்புகளைத் திருத்தி ஓட்டுகிற சங்கத்தார் தங்கள் மலருக்கு எழுதச் சொன்னார்கள். முப்பத்துநாலு வருடம் வெல்டு அடித்தவன், ஏதாவது சொல்லுங்கள் என்றார்கள். எனக்கு எழுத்து வராது என்று சொல்லிவிட்டேன். அப்புறம் போன மாதம் ஒருவர் என் வீட்டுக்கே வந்தார். அப்பா வைத்திருந்த ஜீப்பாம். சேசிஸ் நம்பர் இருக்கிற இடம் துருப்பிடித்துவிட்டதாம். "நம்பர் இருக்கற துண்ட மட்டும் அப்படியே உட்டுட்டு உள்ள ஒரு பட்டை வெச்சு அடிச்சுப்போடலாங்களா?" என்று கேட்டார். முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஏன் என்று கேட்டார். அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

இன்னொன்றும் உண்டு. சிவகுமார் அன்றைக்கு வேகமாக ஓட்டவில்லை. இதை நான் சொல்லியிருக்க வேண்டும். இத்தனை வருடமாகச் சொல்லவில்லை.

நான் ஐந்தாவதோடு நின்றவன். பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு லேத் பட்டறையில் கூட்டிப் பெருக்கினேன். பிறகு வெல்டர் பக்கத்தில் நின்றேன். இரண்டு முறை வெல்டிங் வெளிச்சத்தில் கண் வெந்து, உருளைக்கிழங்கை அரிந்து வைத்துக் கட்டிக்கொண்டு படுத்தேன். மூன்றாம் வருடம் வெல்டிங் குச்சி பிடிக்கிற ஹோல்டரைக் கையில் கொடுத்தார்கள். அவ்வளவுதான் படிப்பு. அப்புறம் துடியலூரில் மேட்டுப்பாளையம் ரோட்டின் மேலேயே இருந்த பட்டறைக்கு வந்தேன். அங்கே மேஸ்திரி கோவிந்தசாமி.

மேஸ்திரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் சத்தம் போட மாட்டார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். அளக்கும்போது மட்டும் ஒகட்டி, ரெண்டு, மூடு என்று வாய்க்குள் எண்ணுவார். அரை ராத்தல் சுத்தியல் ஒன்று வைத்திருந்தார். சட்டைப் பையில் சாக்பீஸ். அது உடையாமல் இருக்க சிகரெட் டப்பாவின் வெள்ளித்தாளில் சுற்றியிருப்பார். சிகரெட் குடிக்க மாட்டார். தாளுக்காக மற்றவர்களிடம் கேட்டு வாங்குவார்.

எந்த வெல்டாக இருந்தாலும் சாண் சாணாகத் தட்டுவார். தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பார். மணி மாதிரிச் சத்தம் வந்தால் அடுத்த இடம். சத்தம் செத்து வந்தால் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுவார். அந்தக் குறியை வேறு யாரும் அழிக்கக் கூடாது. திரும்ப அடித்து, திரும்பத் தட்டிப் பார்த்து, அவரே கட்டைவிரலால் அழிப்பார். குறி இருக்கிற வண்டி கேட்டைத் தாண்டாது. இதுதான் அந்தப் பட்டறையின் சட்டம். எழுதி ஒட்டியதில்லை.

ஒரு தடவை தண்ணீர் டேங்கர் ஒன்றுக்கு நான் அடித்த வெல்டில் மூன்று முறை குறி போட்டார். மூன்று முறையும் வெட்டி எடுத்து அடித்தேன். நாலாவது தட்டுக்கு அழித்தார். "இப்பத்தான் இரும்பு இரும்போட பேசுது" என்றார். அதற்கு மேல் பாராட்டியதில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் சிவகுமாரின் ஜீப் வந்தது. டிராக்டரில் கட்டி இழுத்து வந்தார்கள். அவர் அப்பா, அய்யன் என்பார்கள், வைத்திருந்த பெட்ரோல் ஜீப். அவர் போன பிறகு ஐந்து வருடம் மாட்டுச் சாளையில் நின்றிருந்தது. இடது பக்கம் மாடு கட்டியிருந்திருக்கிறார்கள். மூத்திரம் பட்டுப் பட்டு இடது பக்கச் சட்டம் முழுக்க அரித்திருந்தது. வலது பக்கம் நன்றாகவே இருந்தது.

சரோஜா கல்யாணத்தன்று அய்யன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். உன் குழந்தைக்குக் காது குத்துகிற அன்றைக்கு நானே ஜீப்பில் கூட்டிப் போகிறேன் என்று. அந்த வருடமே அவர் போய்விட்டார். சரோஜாவுக்கு நாலு வருடம் குழந்தை இல்லை. வேண்டிக்கொண்டு பிறந்தது. அந்தியூர்ப் பக்கம் அவர்கள் குலதெய்வம். அங்கே தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்த வேண்டும். அய்யன் இல்லை, ஜீப்பாவது போகட்டும் என்று சிவகுமார் முடிவு செய்தார்.

பெட்ரோல் கட்டுப்படியாகாது, டீசல் எஞ்சின் ஏற்ற வேண்டும் என்றார். பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சு. மேலே மூட புது ஹூட். மற்றதெல்லாம் அய்யன் வைத்திருந்த மாதிரியே இருக்க வேண்டும். கலர் மட்டும் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒத்து வரவில்லை. அவர் வெள்ளை என்றார். சரோஜா கதவுக் கீலுக்கு அடியில் நகத்தால் சுரண்டி, பழைய பச்சையைக் காட்டி, "இதா, இதுதான் வேணும்" என்றார். பச்சைதான் அடித்தோம்.

டிரைவர் சீட்டைப் புதிதாகத் தைக்கக் கூடாது என்றும் சரோஜா சொல்லிவிட்டார். அதில் பெரிய குழி விழுந்திருந்தது. சிவகுமார் உட்கார்ந்து பார்த்தார்.

"எங்கய்யன் மடியில உக்காந்தாப்புல இருக்குதுங்க."

நடராஜ் சிரித்தார். "மச்சான், அது எங்க மாமனாரு எடைக்கு உண்டான குழி. நீங்க உள்ள போனா ரோடே தெரியாது. தலகாணி ஒண்ணு எடுத்துக்குங்க."

சரோஜா, "எங்கண்ணனக் குள்ளம்ங்கறீங்களா?" என்றார். மூன்று பேரும் சிரித்தார்கள். அவர்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்தப் பட்டறையில்தான்.

எல்லாவற்றையும் கழற்றி, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸை மட்டும் மரக்கட்டைமேல் வைத்தோம். மேஸ்திரி தட்டினார். வலது பக்கம் ஒரு குறிகூட விழவில்லை. இடது பக்கம் முன்னாலிருந்து பின்னால்வரை ஏழு குறி. ஆறு இடத்தை வெட்டி எறிந்து புதுத் தகடு வைத்தேன். ஏழாவது இடம்தான் சிக்கல். முன் ஸ்பிரிங்கைச் சேசிஸோடு பிடித்திருக்கிற ஹேங்கர் அங்கேதான் இருக்கிறது. அதற்கு நேர் மேலே சேசிஸ் நம்பர் குத்தியிருந்தது.

மேஸ்திரி சிவகுமாரைக் கூப்பிட்டார். சரோஜாவும் வந்திருந்தார்.

"தம்பி, இந்த இடத்த வெட்டி எறியோணுங்க."

"நம்பர் அங்கதானுங்களே இருக்குது."

"அதுக்குத்தான் உங்களக் கூப்புட்டது."

"வெட்டுனா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல திருட்டு வண்டிம்பாங்க. ஆர்.சி. புக்கு இன்னும் எங்கய்யன் பேர்லயே இருக்குதுங்க. அத மாத்தறதுக்கே நடையா நடக்கறேன்."

சரோஜா மெதுவாகச் சொன்னார். "அந்தப் புக்குல அய்யன் பேரும் இந்த நம்பரும் பக்கத்துல பக்கத்துல இருக்குதுங்க. நம்பரயும் வெட்டி எறிஞ்சுபோட்டா அப்பறம் இது யாரோ ஊட்டு வண்டிதானுங்களே."

மேஸ்திரி சுத்தியலைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு வழி சொன்னார். நம்பர் இருக்கிற வெளிப்பக்கத்தை விட்டுவிடுவது. உள்ளே துருவை வெள்ளை இரும்பு தெரிகிறவரை கிரைண்டரில் உரசுவது. ஆறு மில்லி தகடு, ஒன்பது அங்குலம் நீளம், நாலு அங்குலம் உயரம், உள்ளே வைத்து நாலு பக்கமும் அடிப்பது. ஹேங்கரின் பளு முழுக்க அந்தத் தகட்டில் நிற்கும்.

என்னைப் பார்த்துச் சொன்னார். "மணி, மேல் பக்கம் அழகுக்கு. அடிப்பக்கந்தான் வேலைக்கு. பிரேக் புடிச்சா அங்கதான் இழுக்கும். டீசல் எஞ்சின் கனம் வேற ஏறுது. கேட்டுக்க."

கேட்டுக்கொண்டேன்.

மேல் பக்கம், இரண்டு ஓரம், மூன்றும் அடித்தேன். அடிப்பக்கத்தில் மூன்று புள்ளி மட்டும் வைத்தேன். தகடு நகராமல் இருக்க வைக்கிற புள்ளிதான் அது. எஞ்சின் வந்து இறங்கியது. எஞ்சினை ஏற்றி மட்டம் பார்த்துவிட்டு அடித்தால் சட்டம் கோணாது என்று விட்டு வைத்தேன். அது தப்பு இல்லை. அப்படிச் செய்வது உண்டு. அப்புறம் வயரிங், பெயிண்ட், ஹூட் என்று ஆளாளுக்கு வண்டிமேல் ஏறினார்கள். எனக்கு வேறு வண்டி கொடுத்தார்கள். நாள் போய்விட்டது.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வண்டி எடுக்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்தோம். மத்தியானம் அடிப்பக்கத்தை முடிக்கலாம் என்று ஹோல்டரை எடுத்தேன். கரண்ட் போனது. பொழுது இறங்குகிறவரை வரவில்லை.

மேஸ்திரி வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"அடிப்பக்கம் என்னாச்சு?"

"கரண்ட் போச்சுங்க."

"கரண்ட் இன்னைக்குத்தான் போச்சு. தகடு வெச்சு எத்தன நாளாச்சு?"

நான் ஹோல்டர் வயரைச் சுருட்டினேன்.

"காலைல நேரத்துலயே வந்து அடிச்சுப்போடு. நான் தட்டிப் பாத்துட்டுத்தான் வண்டி போகோணும்."

"சரிங்க."

வெளியே வந்து, நம்பருக்குப் பக்கத்தில் பச்சைப் பெயிண்டின்மேல் பெரிதாக ஒரு குறி போட்டார். சாக்பீஸை வெள்ளித்தாளில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்றைக்கே பழனியில் அவர் அண்ணன் தவறிப்போன சேதி வந்து, அவர் பஸ் ஏறிவிட்டார். காலையில் பட்டறைக்கு வந்தபோது சின்னப்பன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான் வந்தபோது மணி ஏழு. அவர்கள் ஆறு மணிக்கே வந்திருந்தார்கள். ஒன்பது மணி ராகு காலம் முடிகிற நேரம், அப்போது கிளம்பினால் கோயிலில் முகூர்த்தம் தவறிவிடும், ஏழரைக்குள் கிளம்பிவிடுங்கள் என்று ஜோசியர் சொல்லிவிட்டாராம். வண்டியைக் கழுவி முன்னால் மாலை போட்டிருந்தார்கள். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. சரோஜா சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார். பானெட்டில் மூன்று. ஸ்டீரிங்கில் ஒன்று. பிறகு குனிந்து, சக்கரத்துக்கு மேலே கையை விட்டு, நம்பர் இருக்கிற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம் அப்பி, நடுவில் பெரிய குங்குமப் பொட்டு வைத்தார். கையெடுத்துக் கும்பிட்டார். அவர் அம்மா தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மேஸ்திரியின் குறி சந்தனத்துக்கு அடியில் போய்விட்டது. ஒரு கால் மட்டும் வெள்ளையாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அங்கே வெல்டு அடிக்க வேண்டுமானால் அந்தப் பொட்டை அழிக்க வேண்டும். அழிக்காவிட்டாலும் சூட்டில் கருகும். வெள்ளைச் சேலை கட்டிய அந்த அம்மா எதிரில் அவர் வீட்டுக்காரர் பேருக்கு வைத்த குங்குமத்தை யார் அழிப்பது. என் கைக்கு வரவில்லை. மாலையைக் கழற்றி, எலுமிச்சம்பழத்தை எடுத்து, ஜாக்கி வைத்துத் தூக்கி, வீலைக் கழற்ற வேண்டும்.

சிவகுமாரைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"ஒரு வேல பாக்கி இருக்குதுங்க."

"எவ்வளவு நேரமாகுமுங்க?"

"ரெண்டு மணி நேரமாகுமுங்க."

மனசில் கணக்குப் போட்டுப் பார்க்காமலே சொன்னேன். அவர் வாட்சைப் பார்த்தார். அவர் அம்மா, "ஏஞ்சாமி, என்ன சொல்றாங்க?" என்று கேட்டார். "ஏழரைக்கு மேல ராகு காலம் கண்ணு" என்றார்.

சிவகுமார் என்னைக் கேட்டார். "வண்டி ஓடாதுங்களா?"

"ஓடுமுங்க."

"அப்பறமென்னங்க? போயிட்டு வந்து உடறேன். நாளைக்கு அடிச்சுப்போடுங்க."

"மெதுவாப் போங்க."

"மெதுவாத்தானுங்க போவேன். எங்கய்யன் சீட்டுல உக்காந்திருக்கறேன்."

மேஸ்திரி இருந்திருந்தால் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குறி இருக்கிறதுங்க, விட முடியாதுங்க என்று நான் சொல்லியிருக்கலாம். அந்தச் சட்டம் எனக்குத் தெரியும். சொல்லவில்லை. தேங்காய் உடைத்தார்கள். குழந்தையைச் சிவகுமார் மடியில் வைத்து ஒரு தடவை ஹார்ன் அடிக்க வைத்தார்கள். அது பயந்து அழுதது. எல்லோரும் சிரித்தார்கள். ஏழு இருபத்தைந்துக்கு வண்டி கேட்டைத் தாண்டியது. கேட்டை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

போகிற வழியில், கோபி டவுனுக்கு இந்தப் பக்கம் ஒரு வாய்க்கால் பாலம். பாலத்துக்கு முன்னால் சிவகுமார் பிரேக் பிடித்திருக்கிறார். இடது ஹேங்கர் பிய்ந்து முன் சக்கரம் பின்னால் போய்விட்டது. வண்டி தானாக இடது பக்கம் திரும்பி மேட்டிலிருந்து இறங்கிக் கவிழ்ந்தது. சரோஜா பின்னால் இடது பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்த இடத்திலேயே போய்விட்டார். அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. நடராஜுக்குக் கை. சிவகுமாருக்கு நெற்றியில் காயம். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. சரோஜா கையை விடவில்லை என்று சொன்னார்கள்.

பின்னால் பால் கேன் கட்டிக்கொண்டு சைக்கிளில் வந்த ஒருவர், "நானே முந்திட்டுப் போயிருப்பனுங்க, அத்தன மெதுவாப் போனாப்புல" என்று அங்கே சொல்லியிருக்கிறார். அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. போலீஸில் வேகம் என்று எழுதி முடித்தார்கள். புது எஞ்சின், இளவயது, வேகம்.

நாலாம் நாள் ஜீப்பைப் பட்டறைக்கு இழுத்து வந்து போட்டார்கள். மேஸ்திரி பழனியிலிருந்து வந்திருந்தார். மொட்டை அடித்திருந்தார். சுத்தியலை எடுத்துக்கொண்டு போனார். தட்ட ஒன்றும் இல்லை. தகடு மேல் வெல்டில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு ஓரமும் கிழிந்திருந்தன. அடியில் மூன்று புள்ளியும் உடைந்து பளபளவென்று இருந்தன. அவர் வெளிப்பக்கம் வந்து, காய்ந்த சந்தனத்தைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். அடியில் குறி அப்படியே இருந்தது.

அழிக்கவில்லை.

"யாருகிட்டயாச்சும் சொன்னியா?"

"இல்லீங்க."

"சரி, போய் வேலையப் பாரு" என்றார்.

அவரும் யாரிடமும் சொல்லவில்லை. பட்டறைக்காகவா, எனக்காகவா, தெரியாது. நான் கேட்கவில்லை. அவர் திட்டவும் இல்லை. அன்றையிலிருந்து என் வெல்டை மட்டும் அவர் தட்டிப் பார்ப்பதில்லை. மற்றவர்களுடையதைத் தட்டுவார். என்னுடையதற்கு வந்தால் சுத்தியலைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு கடந்து போவார். அவர் வேலையை விட்டு நிற்கிறவரை ஆறு வருடம் அப்படித்தான். நல்ல வெல்டா, செத்த வெல்டா என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

வண்டியைக் காயலான் கடைக்குப் போட முடிவானது. புக்கை ரத்து செய்ய, நம்பர் இருக்கிற துண்டை வெட்டிக் கொண்டுவரச் சொன்னார்களாம். கேஸ் கட்டிங் தீயில் அதை நான்தான் வெட்டினேன். முதல் நாளே வெட்டியிருக்க வேண்டிய துண்டு.

நடராஜ் வீட்டார் குழந்தையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தங்கையைக் கொன்றவன் வீட்டுக்குக் குழந்தை வராது என்று சொல்லிவிட்டார்கள். காது வேறு யாரோ மடியில் குத்தினார்களாம். சிவகுமாருக்கு யாரும் பெண் கொடுக்கவில்லை. அவரும் பிறகு எந்த வண்டியும் ஓட்டவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் சொல்லிவிடுவது என்று அவர் வீட்டுக்குப் போனேன். அவரே டீ போட்டுக் கொண்டுவந்தார். அம்மா உள்ளே கட்டிலில். எழ முடியாது.

"வாங்க. பட்டறையெல்லாம் எப்படிப் போகுதுங்க?"

"போகுதுங்க."

"நீங்க அன்னைக்கே சொன்னீங்க, மெதுவாப் போங்கன்னு. நான் மெதுவாத்தான் போனேன்னு நெனச்சேன். எல்லாரும் வேகம்ங்கறாங்க. வேகமாத்தான் போயிருப்பேனாட்ட இருக்குதுங்க. எனக்கே இப்ப நெனப்பு இல்லீங்க."

நான் டீயைக் குடித்தேன். டம்ளரைக் கழுவி வைத்தேன். "வாரனுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சிவகுமார் போன வருடம் இறந்துவிட்டார். மேஸ்திரி அதற்கு முன்பே. அந்தக் குழந்தைக்கு இப்போது கல்யாணமாகிப் பிள்ளைகள் இருக்கலாம். அதைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அதனிடம் காட்டுங்கள். உன் மாமன் மெதுவாகத்தான் போனார் அம்மணி.

அந்த வேலைக்கு இரண்டு மணி நேரம் என்று சொன்னேன் இல்லையா. பின்னால் ஒரு ஜீப்புக்கு அதே இடத்தில் அதே மாதிரி அடிப்பக்கம் அடிக்க வேண்டி வந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஆரம்பித்தேன். ஜாக்கி வைத்து, வீலைக் கழற்றி, ஒன்பது அங்குலம் அடித்து, கசடு தட்டி, வீலை மாட்டி இறக்கினேன். நாற்பது நிமிடம்.

அன்றைக்கு ஏழு மணிக்கு ஆரம்பித்திருந்தால் ஏழு நாற்பதுக்கு முடிந்திருக்கும். ராகு காலம் ஏழரைக்கு.

பத்து நிமிடம்.